நீ கேட்ட ஹார்ட் டிஸ்க்கை வாங்கிவிட்டேன்

என் பாவாயிக்கு,

நலமா என்று கேட்டு உன்னிடம் திட்டு வாங்க எனக்கு ஆசையில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு முறை நான் நாமக்கல் இறங்கும்போதும், மூன்று வருடமாக, நீ வாங்கி வரச் சொன்னாயே, அந்த ஹார்ட் டிஸ்க்கை வாங்கிவிட்டேன். ஒன்றல்ல, இரண்டு. உடனே சந்தோஷப்படாதே. கோபத்தில் வாங்கியது.

யார் மேல் கோபம் என்று கேட்பாய். கம்ப்யூட்டர் மேல், கடைக்காரர் மேல், நம் மகள் கவிதா மேல், பஸ் மேல். கடைசியில் எல்லாம் சுற்றிக்கொண்டு என் மேலேயே வந்து நின்றது.

இரண்டு வாரம் முன்பு மேலத்தெரு செல்வி வந்தாள். அவள் பையனுக்குக் காது குத்து. ஃப்ளெக்ஸ் அடிக்க அவனுடைய கைக்குழந்தைப் படம் வேண்டுமாம். "எங்க போன் கெணத்துல உழுந்ததோட எல்லாப் படமும் போயிருச்சுங்க மாமா. அங்கன்வாடியில எடை போடறப்ப டீச்சரக்கா எடுத்தது ஒண்ணுதான் மிச்சம்" என்று உன்னைச் சொன்னாள். அதற்கென்ன, தருகிறேன் என்று பெருமையாகச் சொல்லி, நீ போன பிறகு முதல் தடவையாக உன் கம்ப்யூட்டரைப் போட்டேன். டக், டக், டக் என்றது. திரை நீலமாகி அப்படியே நின்றது. மறுபடி போட்டேன். மறுபடி டக், டக்.

கவிதாவுக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கேள் என்று போனை சிபியு பக்கத்தில் பிடித்தேன். கோயம்புத்தூரிலிருந்து அவள் கத்தினாள். "அப்பா, மொதல்ல அதை ஆஃப் பண்ணுங்க! இனிமே தொடாதீங்க!" அப்புறம் பாடம் ஆரம்பித்தது. எல்லாவற்றையும் அன்றைக்கே நெட்டில் ஏற்றி வைத்திருக்க வேண்டுமாம். நம் ஊர் நெட்டில் ஒரு படம் போவதற்குள் நான் ஒரு மிளகுக் கொடி ஏறி இறங்கிவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியாதா? சரி, ஹார்ட் டிஸ்க்கை ஆர்டர் போட்டு அனுப்புகிறேன் என்றாள். மலை மேல் கொண்டு வர மாட்டோம் என்று கூரியர்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அடிவாரத்தில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அடிவாரம் வரை போகிறவன் நாமக்கல்லுக்கே போக மாட்டேனா?

சிபியுவை உன் பச்சைப் போர்வையில் சுற்றிக்கொண்டு சோளக்காட்டில் பஸ் ஏறினேன். கீழே வை, மேலே வை என்று கண்டக்டர் ஒரு பக்கம். மடியை விட்டு நான் இறக்கவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் உள்ளே ஏதோ உருளுவது போலவே இருந்தது. பஸ் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கியபோதுதான் மூச்சு விட்டேன்.

நாமக்கல் கம்ப்யூட்டர் கடையில் இருந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் பொறுமைசாலி. எனக்கு அதுவே எரிச்சல். நான் முந்திக்கொண்டு, "பயமில்லீங்க, டி டிரைவ்ல எல்லாத்துக்கும் இன்னொரு காப்பி இருக்குது. என் ஊட்டுக்காரி ஞாயித்துக்கெழமை தவறாமப் போட்டு வச்சிருக்குது" என்றேன். அவர் சிபியுவைத் தட்டிக் காட்டினார்.

"ஏனுங்கய்யா, சியும் டியும் ஒரே டிஸ்க்குத்தானுங்க. ஒரே ஊட்டுல ரெண்டு ரூம்பு. ஊடே இடிஞ்சா அந்த ரூம்புல வச்சிருந்தேன்னு சொல்ல முடியுங்களா?"

பாவாயி, அந்த யோசனையை உனக்குச் சொன்னது யார்? நான். "மாமா, வெளிய வைக்கிற டிஸ்க்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்க, எல்லாம் இதுக்குள்ளயே கெடக்குது" என்று நீ சொன்னபோதெல்லாம், "அதான் டி டிரைவ்ல ஒண்ணு இருக்குதில்ல, அது போதும் புள்ள" என்று பெரிய மேதாவி போலச் சொன்னது நான்தான். நீயும் நம்பி, வாராவாரம் உட்கார்ந்து போட்டாயே.

பிறகு எது வாங்குவது என்ற கூத்து. தனியாகக் கரண்ட் போடுகிற பெரிய டிஸ்க், ஒரே ஒரு ஒயரில் ஓடுகிற சின்ன டிஸ்க், அதைவிடச் சின்னதாக எஸ்எஸ்டி என்று ஒன்று. பெரியது வேண்டாம் என்று நானே சொன்னேன். நம் ஊர்க் கரண்ட் எப்போது வரும் போகும் என்று அதற்கு யார் சொல்லிப் புரியவைப்பது? எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே இல்லை, கீழே போட்டாலும் தாங்கும், மலைக்கு அதுதான் நல்லது என்றார். வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். வருடக்கணக்கில் கரண்ட் காட்டாமல் பெட்டியில் போட்டு வைத்தால் அது சில சமயம் மறந்துபோகும் என்று அவரே சொன்னார். மறந்துபோகிற சாமானை எதற்கு வாங்க வேண்டும்? சுற்றுகிற சின்ன டிஸ்க்கே போதும் என்றேன்.

"மூணு வருஷம் வாரண்டிங்க."

"அதுக்குள்ள கெட்டுப்போச்சுன்னா?"

"புதுசு குடுத்துருவாங்க."

"உள்ள இருந்த படம்?"

"படத்துக்கெல்லாம் வாரண்டி இல்லீங்கய்யா."

அப்புறம் ஏனய்யா அதற்கு வாரண்டி என்று பேர் வைத்தீர்கள்? கேட்டேவிட்டேன். கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எவ்வளவு கொள்கிற டிஸ்க், ஒரு டிபியா, இரண்டு டிபியா என்பது அடுத்த கேள்வி. இதுவரை எவ்வளவு இருக்கிறது என்று ஏதோ கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டேன். அவர் சாதாரணமாகத்தான் அடுத்ததைக் கேட்டார். "இனிமே மாசம் எவ்வளவுங்க ஏறும்?"

இனிமேல் எவ்வளவு ஏறும்? நீயே சொல், நான் என்ன பதில் சொல்வேன்? குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டுப் படம் எடுக்க நீ இல்லை. ஒன்றும் ஏறாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு டிபி குடுங்க" என்றேன். அவர் ஒன்றை எடுத்து வைத்தார். நானாகவே, "அதுல ரெண்டு குடுங்க" என்றேன். ஒன்று நம் வீட்டில், ஒன்று கவிதா வீட்டில். ஒரே வீட்டில் இரண்டு ரூம்பு என்ற பேச்சுக்கே இனி இடமில்லை.

சிபியுவை வைத்துக்கொண்டு, படங்களை மீட்டுப் பார்க்கிறேன் என்று நான்கு நாள் கழித்து வரச் சொன்னார். போனேன். சி டிரைவில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் போன படங்களெல்லாம் டியில் உயிரோடு இருந்தனவாம். "அம்மா போட்டு வச்ச காப்பிதானுங்க காப்பாத்துச்சு. டிஸ்க்கு ஒரு பக்கம் மட்டும் கெட்டதால தப்பிச்சீங்க, இதையே நம்பிராதீங்க" என்றார். உன் ஞாயிற்றுக்கிழமைகள் வீண் போகவில்லை. ஆனால் உனக்கு முடியாமல் போன கடைசி நான்கு மாதம் இருக்கிறதே, ஞாயிறானால் எழக்கூட முடியாமல் படுத்துவிடுவாயே, அந்தப் படங்கள் சியில் மட்டும்தான் இருந்தன. போனில் இடமில்லை என்று அதிலும் அழித்துவிட்டாய். அவை இல்லை. ஒன்பது குழந்தைகள். உன் எடை நோட்டில் பெயர்களைப் பார்த்தேன். அன்றைக்கே நான் இதை வாங்கி வந்திருந்தால், அந்த ஒன்பதும் இருந்திருக்கும் அல்லவா?

மீதியை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எத்தனை குழந்தைகள், எல்லாம் ஒரே அழுகை! ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் உன் இடது கை. குழந்தை ஆடாமல் இருக்க அதன் காலைப் பிடித்திருக்கிறாய். "கை விழாம ஒரு படம் எடுக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு போட்டோக்காரி" என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்? பழைய படங்களில் கை நிறையப் பச்சை வளையல். அப்புறம் குச்சிக்கிழங்கு சீவும்போது வெட்டிக்கொண்ட தழும்பு வருகிறது. கடைசிப் படங்களில் வளையல் மணிக்கட்டை விட்டு முழங்கை வரை நழுவிக் கிடக்கிறது. அப்போது நான் இதைக் கவனிக்கவே இல்லை, பாவாயி.

செல்விக்குப் படம் கொடுத்தேன். நேற்று காது குத்து. ஃப்ளெக்ஸில் பையன் ஆள் உயரத்துக்கு அழுதுகொண்டிருந்தான், அவன் காலடியில் உன் கை என் நெஞ்சகலத்துக்கு இருந்தது. "ஃப்ளெக்ஸ்காரரு கையை வெட்டிரலாம்னாருங்க மாமா. டீச்சரக்கா கை இருக்கட்டும், எம்பையன உழாமப் புடிச்ச கைன்னு சொல்லிட்டேன்" என்றாள். சோறு பரிமாறக் கூப்பிட்டார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அந்த ஒன்பது வீட்டுக்கும் நானே போவேன். உங்கள் குழந்தையின் படம் போய்விட்டது, தப்பு டீச்சருடையது இல்லை, என்னுடையது என்று சொல்வேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். சம்மதித்தால் இப்போது இருக்கிறபடி ஒரு படம் எடுத்துக் கொடுப்பேன். அந்தக் குழந்தைகள் இப்போது நடக்கும், ஓடும், என் கைக்கு நிற்காது. பிடித்துக்கொண்டேதான் எடுக்க வேண்டும். என் கை படத்தில் விழுந்தால் விழட்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சொன்னபோது வாங்கி வராத
உன் மாமன்