ஆடாமல் இருந்தவளுக்கு

கண்ணு,

இன்று கம்பெனியில் என் மானம் போயிற்று. அச்சிலிருந்து வந்த பக்கெட்டைக் கையில் வாங்கியதும் சூட்டுப் பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடித்தது. என்னை அறியாமல், "ஆடாம இருடி கண்ணு, ஆறட்டும்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து மிஷின்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாபா, பக்கெட்ட கொஞ்சிக்கினு கீற?" ஷிப்டு முடிகிறவரை என் பெயர் பக்கெட் மாமா.

உன் தலைக்குள் கட்டி இருந்த இடத்தில் கத்தி வைக்க முடியாது, கரண்ட்தான், அந்த ரேடியேஷன்தான், வைக்க வேண்டும் என்றார்கள். அதற்குத் தலை அசையாமல் பிடிக்கும் முகமூடியை உன் முகத்திலேயே அச்செடுக்க, ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு எடுத்து வந்தார்கள். பார்த்ததுமே அலறினாய். பத்தாவதைத் தாண்டாத நான் அங்கே பெரிய இன்ஜினியர் ஆனேன்.

"இது நைனா வேலதான். சூட்டோட ஆட்னா பக்கெட்டு கோணிக்கும். ஆறுற வரைக்கும் ஆடக் கூடாது."

"கோணிக்கினா இன்னா பண்ணுவ?"

"ஒடச்சி மறுபடியும் மிஷின்ல போட்ருவோம்."

சிரித்தாய். அப்போதே உன் சிரிப்பு ஒரு பக்கம் இழுத்திருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாய்.

அதற்கப்புறம் பொன்னேரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தினமும் ரயில். நீ ஆடாமல் கிடந்ததைப் பார்த்து, உனக்கு மயக்க மருந்தே வேண்டாம் என்றுவிட்டார்கள். ஐந்து வயசுப் பிள்ளை, முகத்தை மேசையோடு பூட்டிக்கொண்டு, அந்த அறையில் தனியாகக் கிடப்பாய். நான் வெளியே நின்று மைக்கில் வியாபாரம் செய்வேன். "பக்கெட்டே, மக்கே, நீல கலர் மக்கே..."

"ஆடாதன்னு சொல்லிட்டு நீயே சிரிக்க வெக்கிறியே நைனா" என்று ரயிலில் சண்டை பிடிப்பாய்.

டாக்டரம்மா என்னையும் உன் அம்மாவையும் முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். இதனால் கட்டி போகாது, கொஞ்ச மாதம் தள்ளும், அவ்வளவுதான். ஆடாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று நம்பியது நீ ஒருத்திதான்.

அந்த மாதங்களும் தீர்ந்தன. புதுவாயல் வீட்டில், கடைசியில், கையும் காலும் தாமாகவே ஆடாமல் போயிருந்தன. குழறிக் குழறிக் கேட்டாய், "ஒருவாட்டி கூட நான் ஆடல, இல்ல நைனா?"

"ஒருவாட்டி கூட இல்லடி. ஃபர்ஸ்ட் குவாலிட்டி" என்றேன்.

முகமூடி பீரோ மேல் இருக்கிறது. அதில் உன் மூக்கு அப்படியே நிற்கிறது. அது என் மூக்குதான், பாவம் நீ. இன்னும் கொஞ்சமும் கோணவில்லை.

ஃபர்ஸ்ட் குவாலிட்டி என்று சொன்ன அதே வாயில் இன்னொன்றும் வந்து நின்றது. அதை மட்டும் சொல்லவில்லை.

ஆடியிருக்கலாம், கண்ணு.