விசில் அடிக்காத குக்கர்

மார்ச் 4, செவ்வாய்

நாத்தனார் வந்தாள், கையில் பெரிய அட்டைப்பெட்டியோடு. "அண்ணி, உங்களுக்காகவே பாத்துப் பாத்து வாங்கினேன்" என்றாள். மேல்தாளைப் பிரித்தால் உள்ளே இன்னொரு தாள். அதில் "இனிய மணநாள் வாழ்த்துகள்" என்று யாரோ அவளுக்கு எழுதியிருக்கிறார்கள். பார்த்துப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாள், தனக்கு வந்ததில் எதை என் தலையில் கட்டலாம் என்று.

ஸ்லோ குக்கராம். தூக்க முடியாத கனத்தில் ஒரு பீங்கான் பானை, கண்ணாடி மூடி, முன்னால் ஒரு திருகு. காலையில் எல்லாவற்றையும் போட்டுத் திருகிவிட்டால் எட்டு மணி நேரம் தானாகவே வேகுமாம். எங்கள் வீட்டுக் குக்கர் மூன்று விசிலில் முடிக்கிற வேலைக்கு இதற்கு ஒரு முழு ஷிஃப்ட் வேண்டியிருக்கிறது. மேல்தட்டில் ஏற்றி வைத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

இன்று மேலாளர் கூப்பிட்டார். ஹோட்டல் சலவைப் பிரிவில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. சட்டையில் ஒரு சுருக்கம் பார்த்ததில்லை, முகத்தில் ஒரு சிரிப்பும் பார்த்ததில்லை. "சாயங்கால ஷிஃப்ட்டுக்கு இன்சார்ஜ் வேணும். பன்னெண்டு மணிலேர்ந்து எட்டு மணி வரைக்கும். உங்களத்தான் நெனச்சிருக்கேன். இருபத்தொண்ணாம் தேதிக்குள்ள சொல்லிடுங்க."

பதினொரு வருஷம். இந்தப் பதவி இரண்டு முறை என் மூக்குக்கு முன்னால் வந்து அடுத்தவர் கைக்குப் போனது. போன முறை கிடைத்தவளுக்கு, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த விரிப்பை எப்படி மடிப்பது என்று கற்றுக்கொடுத்ததே நான்தான். இப்போது கேட்கிறார்கள். எனக்கு வேண்டும். இந்த நோட்டில் எழுதுகிறபோது கூட கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் வேண்டும்.

வீட்டில் சொன்னேன். இவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர், ஊரையே அங்குலம் அங்குலமாக அளந்திருக்கிறார், சொந்த வீட்டுச் சமையலறைக்கு வழி தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாராளமா எடுத்துக்கோ, யாரு வேணாங்கறா? ஆனா..." என்றார். அந்த ஆனாவில் எல்லாம் இருந்தது. ராத்திரிச் சாப்பாடு யார் செய்வது?

மாமனார் எடைக்கல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "எனக்கு ஏழரைக்குத் தட்டு முன்னால இருக்கணும். அவ்வளவுதான், வேற ஒண்ணும் கேக்கல" என்றார். அந்த ஒன்றைத்தான் பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மகள் செல்போனிலிருந்து தலையை எடுக்காமல், "மேல ஒரு குக்கர் இருக்கே, அத்தை குடுத்தது" என்றாள். மூன்று பேரும் மேல்தட்டைப் பார்த்தார்கள். அம்மா வீட்டில் இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பதில் ஒரு பானை!

சரி, அதையும் பார்த்துவிடுவோம்.

மார்ச் 11, செவ்வாய்

கூட வந்த புத்தகத்தைப் படித்தேன். முதல் பக்கத்தில் கோழிக் கேசரோல். மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு, "கேசரோல்னா சூடு ஆறாம வைக்கிற டப்பால்ல?" என்றார். கோழி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், பூண்டு, மிளகு எல்லாம் ஒரே பானையில் நிதானமாக வெந்து, குழம்புமில்லாமல் வறுவலுமில்லாமல் கெட்டியாக வருகிற ஒன்று என்றேன். "எவ்வளவு கிராம்?" என்றார்.

மார்ச் 12, புதன்

முதல் முயற்சி. தலையில்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

விடிகாலையில் எழுந்து கோழியை எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வைத்து, கிழங்கை அடியில் பரப்பி, மேலே கோழி, அதற்கு மேலே கேரட் என்று புத்தகத்தில் போட்டபடியே அடுக்கினேன். ஆறு மணிக்குத் திருகிவிட்டு வேலைக்குப் போனேன். மூன்றரைக்கு வந்து பார்த்தால் கிழங்கு பல்லை உடைக்கிறது. சாறோ வாயில் வைக்க விளங்கவில்லை, ஒரே உப்பு. மேடையில் மூன்று கரண்டி.

விசாரணை வைத்தேன். மகள் எட்டு மணிக்குத் திறந்தாளாம், போட்டோ எடுக்க. இவர் அதற்கு முன்னாலேயே திறந்தாராம், சும்மா. மாமனார் மட்டும் நேர்மையாகச் சொன்னார்: "விசிலே வரலியேம்மா. ஒரு சத்தமும் இல்ல. உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்? மணிக்கொரு தரம் தொறந்து பாத்தேன்." திறந்தவர்கள் பார்த்துவிட்டுச் சும்மா மூடியிருக்கலாம். ஆளாளுக்கு ருசி பார்த்து, உப்பு பத்தவில்லை என்று ஆளாளுக்குப் போட்டிருக்கிறார்கள். வேகாத கிழங்கில் உப்பு எப்படித் தெரியும்? மூடியை ஒருமுறை திறந்தால் அரைமணி நேரச் சூடு போய்விடும் என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இந்த வீட்டில் திறந்த கணக்குக்கு அது நாளை மறுநாள் வெந்திருக்கும்.

"இனிமே ஒருத்தரும் அந்தப் பக்கமே போகக் கூடாது. தலையே போனாலும் மூடியைத் தொடக் கூடாது" என்று கத்தினேன். ரொட்டி சுட்டுத் தின்றோம்.

மார்ச் 13, வியாழன்

நாத்தனார் போன் செய்தாள். அதற்குள் மூக்கில் வியர்த்துவிட்டது. "எனக்கெல்லாம் அருமையா வருது அண்ணி. உங்களுக்குக் கைராசி இல்ல போல." பெட்டி பிரிக்காத குக்கரில் அருமையாக வருகிறதாம்!

மார்ச் 17, திங்கள்

நாளை சாயங்கால ஷிஃப்டை ஒருநாள் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் இஸ்திரி. வீட்டுக்கும் அதுதான் பரீட்சை. கோழி வாங்கியாயிற்று.

மார்ச் 18, செவ்வாய்

முதலிலிருந்தே எழுதுகிறேன்.

காலை பத்தரைக்குப் பானையை நிரப்பித் திருகினேன். ஆறரைக்கு வெந்திருக்கும். பதினொன்றுக்குக் கிளம்பினேன்.

வேலை நன்றாக நடந்தது. இல்லை, பொய்யடக்கம் எதற்கு? பிரமாதமாக நடந்தது. நாலு மணிக்கு உலர்த்தும் இயந்திரம் ஒன்று நின்றுபோனது. இருநூறு துண்டு ஈரமாகக் கிடந்தது. ஆளைப் பிரித்து, பாதியை அடுத்த இயந்திரத்துக்கு மாற்றி, ஆறுக்குள் மாடிகளுக்கு அனுப்பிவிட்டேன். இஸ்திரி வந்து பார்த்தார். "இதத்தான் எதிர்பார்த்தேன்" என்றார். அந்த முகத்திலிருந்து அவ்வளவு வந்ததே அதிசயம். படிவத்தை நீட்டினார். வீட்டில் இந்நேரம் கமகமவென்று வெந்துகொண்டிருக்கும், மூன்று பேரும் சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எட்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தால் இழவு வீடு மாதிரி இருக்கிறது. மேசையில் நாலு காலித் தட்டு. நடுவில் பானை. மூடியைத் திறந்தேன். கோழி காலையில் நான் வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. நாற்றம் வேறு ஆரம்பித்துவிட்டது.

சுவிட்சு அணைந்திருக்கிறது!

ஏழு வருஷத்துக்கு முன்னால் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் போய்க் கட்டில் விரிப்பை எரித்தவள் நான். சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள் வீட்டில்! அன்று வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: கடைசியாக வெளியே போகிறவர் எல்லாச் சுவிட்சையும் அணைக்கவும். ஏழு வருஷமாக அந்தத் தாளை ஒரு ஜீவன் மதித்ததில்லை. இன்று பதினொன்றரைக்கு நூலகம் போன மாமனார் நின்று, படித்து, சமையலறைக் கதவோரச் சுவிட்சு உட்பட எல்லாவற்றையும் அணைத்திருக்கிறார். நாலு மணிக்குத் திரும்பி வந்தவர் ஏழரை வரைக்கும் சமையலறைப் பக்கம் தலை வைக்கவில்லை, ஏனென்றால் தலையே போனாலும் போகக் கூடாது என்று நான்தான் கத்தியிருக்கிறேன். என் பேச்சை இந்த வீடு கேட்டது ஒரே ஒரு நாள். அதுவும் இரண்டையும் ஒரே நாளில்.

"வாசனையே வரலியேன்னு ஒருத்தருக்கும் தோணலியா?" என்றேன்.

"மெதுவா வேகும்னு நீதானம்மா சொன்ன" என்றாள் மகள்.

இவர் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாத்தியா? இதெல்லாம் நம்ம வீட்டுக்குச் சரிப்படாது. நல்லவேளை, நீ இன்னும் கையெழுத்துப் போடல" என்றார். அந்த முகத்தில் ஒரு நிம்மதி. பசியோடு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு எங்கிருந்து அவ்வளவு நிம்மதி வந்தது?

கோழியைக் கொட்டிவிட்டுப் பானையைத் தேய்த்தேன். போட்டாச்சு. போட்டாச்சு, போட்டாச்சு. எப்படிச் சொல்வேன்?

மார்ச் 19, புதன்

சொல்லிவிட்டேன், காலைக் காப்பியில்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார்.

"போன வருஷம் என் வண்டிய வித்துட்டு வந்து நின்னீங்களே, அப்ப என்ன கேட்டீங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். நான் அந்தப் பாதியையும் குடித்துவிட்டு அழுதேன். அழுததற்குக் கோபம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

மாமனார் அதுவரை பேப்பருக்குப் பின்னால் இருந்தார். இவர் செருப்பு மாட்டும்போது, பேப்பரைக் கீழே இறக்காமலே, "டேய், சுவிட்ச அணைச்சது நான். அதுக்கு அவ ஏன்டா வேலைய விடணும்?" என்றார். இவருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கோ நம்ப முடியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அந்த மனுஷன் என் பக்கம் பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 21, வெள்ளி

உம்மணாமூஞ்சி மூன்றாம் நாள். வெளியில் சாப்பிட்டுவிட்டு வருகிறார். அதற்கும் வயிறு சரியில்லையாம்.

மார்ச் 27, வியாழன்

மாமனார் சமையலறைக்கு வந்து நின்று, "அந்தப் பானைல எதம்மா முதல்ல போடணும்?" என்று கேட்டார். கிழங்கு என்றேன். "ஏன்?" அடியில்தான் சூடு அதிகம், கிழங்குக்குத்தான் நேரமும் அதிகம் என்றேன். எழுதிக்கொண்டார். பழைய தராசைத் துடைத்துக் கொண்டுவந்து கேரட்டை நிறுத்தார். ஒரு கேரட்டை எடுத்து வைத்தார், திரும்பப் போட்டார், பாதியாக நறுக்கினார். ஒரு கிலோ கேரட்டுக்கு அரைமணி நேரம். வாயைத் திறக்காமல் நின்றதற்கு எனக்கொரு பதக்கம் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

புது ஷிஃப்ட். பன்னிரண்டு பேர் எனக்குக் கீழே. மதியமெல்லாம் மனசு பானையைச் சுற்றியே இருந்தது. எட்டரைக்கு வந்தேன். கிழங்கு கொஞ்சம் குழைந்திருந்தது, கோழி வெந்திருந்தது. எனக்கென்று மூடி வைத்திருந்தார்கள். இவர் "எங்கப்பாதான் செஞ்சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். பதிமூன்று நாளில் அதுதான் முதல் முழு வாக்கியம்.

ஏப்ரல் 4, வெள்ளி

மகள் சொன்னாள்: வெங்காயம் நறுக்கியது அப்பாவாம், கண்ணைத் துடைத்துத் துடைத்து. அவள் சொன்னதாகக் காட்டிக்கொள்ளக் கூடாதாம்.

ஏப்ரல் 10, வியாழன்

எட்டே முக்கால். கால் வீங்கி, பசி உயிர் போக, வீட்டுக்கு வந்தேன். பானை கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. மூன்று பேரும் நாற்காலியில் சாய்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு?"

மகள் தாத்தாவைப் பார்த்தாள். தாத்தா மகனைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார்.

"இன்னிக்கி ரொம்ப நல்லா வந்துடுச்சும்மா. பேசிக்கிட்டே சாப்பிட்டோமா, தீந்ததே தெரியல" என்றார் மாமனார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் பாதி, பெருமை பாதி.

அட பாவிகளா! நான் இல்லாவிட்டால் பட்டினி கிடப்பீர்கள் என்றல்லவா பத்தொன்பது வருஷமாக என்னை நம்ப வைத்திருக்கிறீர்கள்? நல்லா இருங்க. வாய்வரை வந்தது. அதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து வந்ததில் இருமல்தான் மிச்சம்.

வழக்கம்போலக் கால் அடுப்பைப் பார்த்துத் திரும்பியது. இவர் எழுந்து, "நீ உக்காரு" என்றார். அடுப்பைப் பற்றவைக்க மூன்று முறை முயன்றார். எண்ணெய் எங்கே என்று தேடினார். வலது பக்கம் இரண்டாவது கதவு என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கண்டுபிடித்தார். முட்டையை உடைத்ததில் ஓடும் கொஞ்சம் விழுந்தது, விரலால் எடுத்தார், சுட்டுக்கொண்டு உதறினார். நான் காலை எதிர் நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஓரமெல்லாம் கருகல், நடுவில் பச்சை. பக்கத்திலேயே நின்று என் வாயைப் பார்த்தார்.

முழுவதையும் சாப்பிட்டேன். இன்னொன்று போடச் சொன்னேன்.