பன்றியைத் தொட்டவளுக்கு மறுக்கப்பட்ட இரண்டாம் பதியம்

அனுப்புநர்:
மெரேயானா பரட்டா,
முன்னாள் பால் லாரி ஓட்டுநர்,
டுவாடாபெரே, சவுத்லாந்து, நியூசிலாந்து.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
விலங்குத் திசு மாற்று ஆய்வு மேற்பார்வைக் குழு,
வெலிங்டன்.

பொருள்: பன்றிச் செல்களை இரண்டாம் முறை பதிக்க மறுத்த ஆணையை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒன்பது வயதிலிருந்து எனக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை தாழும்போது மற்றவர்களுக்கு வரும் நடுக்கமோ வியர்வையோ எனக்கு வராது, நேரே மயக்கம்தான். அதனால் ஆறு ஆண்டுகளுக்கு முன் லாரி உட்பட எந்த வண்டியும் ஓட்டும் உரிமத்தை இழந்தேன்.

2. சென்ற ஆண்டு தங்கள் ஆய்வில் பன்றியின் கணையச் செல்களை என் வயிற்றுக்குள் பதித்தார்கள். அவை கடற்பாசிக் கூழாலான நுண்ணிய உறைக்குள் இருந்தன. உறையின் துளை வழியே சர்க்கரை உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும். அந்நியத் திசுவைத் தாக்கும் என் உடலின் காவல் செல்கள் மட்டும் நுழைய முடியாது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையும் தேவையில்லை. மூன்றாம் மாதம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, சர்க்கரை தாழ்வதை எச்சரித்துக் கை நடுங்கியது. கை நடுங்கியதற்காக மகிழ்ந்து அழுதேன். ஓராண்டு மயக்கம் வராவிட்டால் உரிமம் திரும்பக் கிடைக்கும். ஏழு மாதம் முடித்துவிட்டேன்.

3. இப்போது உறைகளைச் சுற்றித் தழும்பு படர்ந்து, அந்த நடுக்கம் குறைந்து வருகிறது. தழும்பு படியாத புது உறையோடு ஜூலையில் இரண்டாம் பதியம் செய்வதாக இருந்தது.

4. ஜூனில் எங்கள் பள்ளிக்கு நிதி திரட்டும் பன்றி வேட்டைப் போட்டி நடந்தது. வேட்டையாடி வந்த பன்றிகளை எடைக் கொக்கியில் மாட்டுவது பதினொரு ஆண்டாக என் வேலை. அன்றும் மாட்டினேன். பன்றியைத் தொடக் கூடாது என்ற ஆய்வு விதி நினைவுக்கே வரவில்லை; தவறு என்னுடையது. பின்னர் வந்த படிவத்தில், பன்றியைத் தொட்டீர்களா என்ற கேள்விக்கு, "ஆம், பதினேழு" என்று எழுதினேன். என் கணவர் ராவிரி, "இல்லன்னு ஒரு கோடு போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். எத்தனைன்னு வேற எண்ணிக் குடுத்திருக்க, உன்ன என்ன பண்றது?" என்றார்.

5. காட்டுப்பன்றி ரத்தம் பட்டதால் என் ரத்தத்தில் பன்றிச் செல்லைத் தாக்கும் எதிர்ப்பொருள் கூடியிருக்கலாம், புதிய செல்களை என் உடல் நிராகரிக்கலாம் என்கிறது தங்கள் ஆணை. இருக்கலாம்தான். ஆனால் ஒருவரும் என் ரத்தத்தைச் சோதிக்கவில்லை. உடலின் பார்வையில் படாமல் செல்களை மறைக்கத்தானே அந்த உறை? பன்றிப் பக்கமே போகாதவர்களிடம்தான் அது வேலை செய்யும் என்றால், சவுத்லாந்தில் அதைப் பதிக்க ஆள் கிடைப்பது கடினம்.

6. ஆகவே என் ரத்தத்தைச் சோதிக்க ஆணையிடுங்கள். எதிர்ப்பொருள் கூடியிருந்தால் தணியும்வரை காத்திருக்கிறேன். காட்டுப்பன்றியின் நோய்க்கிருமி இருந்தால் நானே விலகிக்கொள்கிறேன். இரண்டும் இல்லையென்றால் என் இடம் எனக்கு வேண்டும்.

7. பொய் எழுதியிருந்தால் இந்நேரம் புதுச் செல்கள் என் வயிற்றில் இருந்திருக்கும். தங்கள் ஆய்வேட்டில் அந்தப் பொய்யும் இருந்திருக்கும். என்னை நீக்கிய செய்தி ஆய்விலுள்ள மற்றவர்களுக்கும் எட்டிவிட்டது. அடுத்த படிவத்தில் அதே கேள்விக்கு அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

ரத்தம் எடுக்க வரும் நாளைத் தெரிவியுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். எனக்கு வண்டி ஓட்ட உரிமம் இல்லை.

இடம்: டுவாடாபெரே
நாள்: 14.08.2023

இப்படிக்கு,
மெரேயானா பரட்டா
(கையொப்பம்)