நிலாத் தீவுக்கு நான் வைக்காத பெயர்

என் அன்பான நிலாவின் அப்பாவுக்கு,

ஹில்ஸ்பரோ வீட்டில் உங்கள் எலுமிச்சை காய்த்துக் கொட்டுகிறது. பறிக்கத்தான் ஆளில்லை.

நிலா போன வாரம், நாம் குடியேறிய இந்த நாட்டின் தென்தீவுக்குப் போய்வந்தாள். முன்னொரு காலம் பனியாறு குடைந்துவைத்த அந்தக் கடல்வாயில், நாம் போன அதே படகு. படகோட்டி இன்னமும் அந்தக் குட்டித் தீவைக் காட்டி, "நிலாத் தீவு" என்றுதான் சொல்கிறாராம். ஓர் இலங்கைப் பெண் வைத்த பெயராம். அது என் அம்மாதான் என்று இவள் பெருமையடித்திருக்கிறாள். கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று நீங்கள் தேநீர் வாங்கக் கீழ்த்தட்டுக்குப் போயிருந்தீர்கள். நாலு மரமும் ஒரு பாறையும், வரைபடத்தில் பெயரே இல்லை, நீங்கள் ஒன்று சொல்லுங்கள், இனி அப்படியே அழைக்கிறேன் என்றார் படகோட்டி. கணவர் பெயரைச் சொல்லேன் என்று பக்கத்தில் நின்ற பெண் எடுத்தும் கொடுத்தாள். உங்கள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்த நாக்கு, மகள் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டது.

தேநீரோடு வந்த நீங்கள் விஷயமறிந்து சிரித்தீர்கள். பிறகு மெல்லக் கேட்டீர்கள்.

"என்ர பேரைச் சொல்லியிருக்கலாமே, பவானி?"

"போங்கோ, வெக்கமா இருக்கு."

எவ்வளவு ஆசையாகக் கேட்டீர்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தொகுதியில் நான் பெயருக்குப் பதிலாக "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டால் நாலு யாழ்ப்பாணத்து ஆண்கள் திரும்புவார்கள், நீங்கள் மட்டும் திரும்பமாட்டீர்கள். ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். காது கடைசிவரை கேட்கும், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று தாதி இரண்டு தரம் சொன்னாள். நான் இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ என்றே கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கண் திறக்கவில்லை. யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்தீர்களா?

படிவங்களில் எத்தனையோ தரம் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்காக என்னை நானே மன்னிக்கவில்லை.

அடுத்த மாதம் நிலா என்னை அங்கே கூட்டிப்போகிறாள். தீவின் பெயர் அவளுடையதாகவே இருக்கட்டும். படகு அதன் அருகே நிற்கும்போது இந்தக் கடிதத்தின் கடைசி வரியை, மலைகளுக்குக் கேட்க, உரத்து வாசிப்பேன். வெட்கப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
சிவநேசனின் மனைவி பவானி