ஆறு கண்ணாடித் தகடு

உத்தனப்பள்ளி,
4-2-1953

அன்புள்ள அற்புதமேரிக்கு,

தேவமாதாவின் கிருபையால் உன் அம்மா வீட்டில் நீயும் பிள்ளையும் சுகம் என்று அறிந்தேன். பிள்ளைக்குக் காது என்னைப்போல் விடைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அதற்கு நான்தான் பொறுப்பு, மன்னித்துக்கொள்.

உத்தனப்பள்ளியில் பிளேக் ஒழிந்தது என்று பேப்பரில் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பிள்ளையோடு புறப்படுவதாகச் சொல்கிறாய். புறப்படாதே. பேப்பர்காரர் பொய் எழுதவில்லை. அது ஒழிந்த விதத்தைச் சொல்கிறேன்.

நோயாளியின் கட்டியிலிருந்து நீர் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி அனுப்பி, சேலத்தில் பார்த்துச் சொன்னால்தான் அது பிளேக். எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆறு தகடு வந்தது. ஆறையும் அனுப்பினேன், ஆறும் பிளேக். ஆகவே ஊரில் ஆறு பேருக்கு நோய் என்று தீர்மானித்து, ஆறு பேருக்கு மருந்து கொடுத்தார்கள். அதன்பின் தகடு வரவில்லை. தகடு இல்லாததால் புது நோயாளியும் இல்லை. பத்து நாளாக நோய் காணவில்லை என்று மேலே எழுதிவிட்டார்கள். எலிகளுக்குத் தகவல் போகவில்லை போலும். கூரையிலிருந்து இன்னும் செத்து விழுகின்றன. அந்தப் பத்து நாளில் ஒன்பது பேரை அடக்கம் செய்தோம். பதிவேட்டில் ஒன்பதும் சாதாரணக் காய்ச்சல்.

ஆறாவது தகடு பக்கத்து வீட்டுச் சென்னம்மாவுக்கு. பிழைத்துக்கொண்டாள். நேற்று எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "ஏம்ப்பா கம்பவுண்டரே, ஊசி போட்டியா, ஏர் ஓட்டுனியா?" என்று திட்டினாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு முதல் எனக்கும் காய்ச்சல். கக்கத்தில் எலுமிச்சை அளவு கட்டி. தகடு இல்லாததால் அது வெறும் கட்டிதான். மருந்து கேட்டுத் தந்தி அடித்தேன். முதலில் நோய்க்கு ருசுவாகத் தகடு அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது.

ஞானஸ்நானத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். காவேரிப்பட்டினத்துச் சாமியாரிடம் சொல்லி இந்த ஞாயிறே கொடுத்துவிடு. என் அப்பா பெயரைத்தான் வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேனே, அதை விட்டுவிட்டேன். என் பெயரையே வை. புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லையே என்று கூசாதே. இரண்டு நாள் கஷ்டமாயிருக்கும், பிறகு பழகிவிடும்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. அவன் நடக்கப் பழகித் தெருவுக்கு ஓடும்போது, வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடு.

உன் பிரியமுள்ள,
இன்னாசிமுத்து