கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா

முனிர்கா, புதுதில்லி.
தை பிறந்து ஒரு வாரம்.

சௌபாக்கியவதி சுபாஷிணிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் க்ஷேமம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன். மீதியைப் படித்துவிட்டு எவ்வளவு க்ஷேமம் என்று நீயே முடிவு செய்துகொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போன் என்றால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடு என்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்னத்தைப் பேசுவது. லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் உனக்கு இன்னும் எவ்வளவு மிச்சமோ, நிதானமாகப் படி, தடுமாறினால் மாப்பிள்ளையிடம் கொடு.

எனக்கு அலுத்துப் போய்விட்டது சுபா. படம் வரைவது அலுக்கவில்லை, அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறதே அதுதான். பெயின்ட் கையோடு அரிசியைத் தொட முடியாது, அதனால் காலையில் காபி ஆனதும் சமையலை முடித்து மூடி வைத்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல்தான் புகைமூட்டம் கொஞ்சம் விலகி உன் ரூமுக்கு வெளிச்சம் வரும். அப்பா அதை எல்லோரிடமும் ஸ்டூடியோ என்கிறார், எனக்கு அது உன் ரூம்தான், உன் கட்டில்மேல்தான் காயாத படங்கள் சாய்ந்திருக்கின்றன. மத்தியானம் வெளிச்சம் போகிறவரை ஈஸல் முன்னால், நின்றால் இடுப்பு வலி, உட்கார்ந்தால் தோள்பட்டை. பிறகு பிரஷ்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்த துணியில் துடைத்து, நகத்துக்குள் போன பச்சையைச் சுரண்டி எடுப்பதற்குள் அடுத்த காபி வேளை வந்துவிடும். ஒரு நாள் இது இல்லாவிட்டால் நான் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன், உனக்குத் தெரியாததா.

தீபாவளிக்குப் பிறகு வழக்கம்போலப் புகை வந்தது, வழக்கம்போல ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி அடைத்தேன், நீ வாங்கிக் கொடுத்த ஏர் பியூரிஃபயரை ஹாலில் அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. தில்லியில் யாருக்குத்தான் இருமல் இல்லை என்று மிளகு ரசமும் கஷாயமுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரோ அந்த மிஷின்மேல் தினமும் ஒரு துண்டைப் போட்டு வைப்பார். துண்டு உலர்த்த வேறு இடமே கிடைக்கவில்லையா என்று நானும் தினமும் கத்துவேன், அவர் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். மார்கழிக் கடைசியில் மலை மந்திர் கோயிலுக்குப் போனோம். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார், உதடெல்லாம் வெளுத்துப்போய் மூச்சு விசில் அடிக்கிறது. பக்கத்து வீட்டு வைதேஹிதான் காரை எடுத்துக்கொண்டு வந்தாள். டாக்டர், வீட்டில் என்னென்ன வாசனை என்று கேட்டார், ஊதுவத்திகூட இல்லை என்றார் உங்கள் அப்பா. என் ஸ்வெட்டரிலேயே பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் மணக்கிறது, டாக்டருக்கு மூக்கு இல்லையா என்ன? ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே இதைத் திறக்கிறீர்களா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இந்த வாசனை வீட்டுக்குள் இருக்கவே கூடாது, இன்னொரு தடவை இப்படி மூச்சு முட்டினால் தாங்காது என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் பழக்க தோஷத்தில் டர்பன்டைன் டப்பாவைத் திறந்துவிட்டேன். துண்டு அன்றைக்குத் துவைக்கப் போயிருந்தது. திறந்த கொஞ்ச நேரத்தில் மிஷினில் பச்சை விளக்கு போய், காற்று கெட்டால் வருகிற சிவப்பு வந்தது. அப்போதுதான் புரிந்தது, வெளியிலிருந்து புகை வராமல் நான் அடைத்தேன், உள்ளே இருக்கிறதும் வெளியே போகாமல் அடைத்துவிட்டேன். அந்தச் சிவப்பு என் கண்ணில் படக்கூடாது என்றுதான் மனுஷன் மாதக்கணக்கில் துண்டைப் போட்டு மூடியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. உங்களுக்கு என்ன பைத்தியமா என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னார்: "ஒரு லைட்டைப் பார்த்துட்டு நீ எல்லாத்தையும் மூட்டை கட்டிடுவே அனந்து. அப்புறம் நாம ரெண்டு பேரும் நாள் பூரா இங்க உட்கார்ந்துண்டு என்ன பண்றது?" நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

வாசனையில்லாமல் தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் போடக் கூடாதா என்று நீ கேட்பாய். போட்டுப் பார்த்தேன், தோசைக்கல்லில் விட்ட மாவு மாதிரி தடவுவதற்குள் இறுகிவிடுகிறது. போகப் போகக் கை பழகும், வேறு வழியில்லை. ஆனால் உன் கிருகப்பிரவேசத்துக்கு நீ ஆசையாகக் கேட்ட அப்பா படம் பாதியில் நின்றது. அதை மட்டும் எண்ணெய் வர்ணத்திலேயே முடித்துவிடுவது என்று ஈஸலைத் தூக்கி பால்கனியில் போட்டேன். திட்டாதே, மாஸ்க் போட்டுக்கொண்டேன். அவர் ஹாலுக்குள்ளே, நான் வெளியே, நடுவில் கண்ணாடிக் கதவு. குளிரில் விரல் மடங்கவில்லை. உள்ளேயிருந்து அவர் வாயை அசைப்பார், ஒன்றும் கேட்காது, ஷாலைப் போர்த்திக்கோ என்பதாகத்தான் இருக்கும். நான் திரும்பி, அசையாமல் உட்காருங்கள் என்று சைகை காட்டுவேன். இப்படியே முந்தாநாள் முடித்தேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கண்ணாடியில் என் நிழல் விழுந்துகொண்டே இருந்தது, மங்கி குல்லாவும் ஷாலும் கையில் பிரஷ்ஷுமாக. படத்திலும் அது வந்துவிட்டது, வேண்டாம் என்று இரண்டு முறை துணியால் துடைத்து எடுத்தேன், துடைத்தால் அவர் தோள் ஏனோ சரியாக வரவில்லை. விட்டுவிட்டேன். அப்பா வெளியே வந்து பார்த்துவிட்டு, என் பக்கத்தில் நிற்கிறது யார், கீழே இருக்கிற வாட்ச்மேனா என்று கேட்டார். பிறகு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார், குளிரில் நிற்காதீர்கள் என்று நான்தான் உள்ளே தள்ளிவிட்டேன். அப்பா படம் போதும் என்று கேட்டாய், நாங்கள் இரண்டு பேருமாக வருகிறோம்.

மாசி கடைசியில் வைதேஹி அவள் பெண்ணைப் பார்க்க உங்கள் ஊருக்குத்தான் வருகிறாள், சுருட்டித் தருகிறேன், கொண்டு வருவாள். வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று அலையாதே. அப்பாவிடம் டாக்டர் விஷயம் நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையுமில்லாமல் தீர்க்காயுசாக இருக்க மலை மந்திர் முருகன் துணை.

இப்படிக்கு, உன் அம்மா,
அனந்தலக்ஷ்மி ராமசுப்ரமணியன்.

பி.கு. படத்தைப் பிரிக்கும்போது ஜன்னலை நன்றாகத் திறந்து வை. வாசனை முழுக்கப் போகிறவரை குழந்தையை அந்த ரூமில் தூங்க விடாதே.