பன்னிரண்டு வீட்டு வேன்

ஜூன் 12, திங்கள்

காலையிலிருந்து மழை. வைப்பர் ஓடவில்லை. தண்ணீர் வழுக்கி ஓட கண்ணாடியில் புகையிலை தேய்த்து ஒப்பேற்றினேன். தம்பானூர் ஸ்டேஷனுக்கு ரயில் பிடிக்க ஒரு அம்மா சவாரி. கிள்ளிப்பாலம் வளைவில் எதிரே வந்த வேன் நேராக என் பக்கம் ஏறியது. ஹேண்டிலை ஒடித்தேன். ஆட்டோவின் முன்சக்கரம் ஓடைக்குள். வேன்காரன் நிற்கவே இல்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

பின்னாலிருந்த அம்மா வேனைக் கவனிக்கவில்லை. "மணி ஏழு நாப்பத்திரெண்டு. இனி ரயில் கிட்டுமா? பாத்து நோக்கி ஓட்டக்கூடாதா?" என்று என்னைத்தான் ஏசினாள்.

நான் போகிற வேனையே பார்த்தேன். அது சசியின் வேன். என் மகள் மலர் பள்ளிக்கூடம் போகிற வேன். அப்போது அவள் ஏறியிருக்கவில்லை. பிள்ளைகளை ஏற்றுகிற வரிசையில் எங்கள் வீடு நாலாவது.

13, செவ்வாய்

கொஞ்சம் வெயில். வாங்க: வைப்பர் ரப்பர், மலருக்கு சாக்ஸ்.

பள்ளிக்கூட வாசலில் சசியைப் பிடித்துக் கேட்டேன். சண்டைக்கு வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணே, பன்னெண்டு வீடு. பன்னெண்டு அம்மமாரும் போன்ல விளிப்பாங்க. வண்டி எங்க எத்தி, எங்க வந்தாச்சுன்னு கேட்டா சொல்லண்டாமா? எடுக்கலேன்னா வேற வேன் பாத்துருவாங்க."

வீட்டில் செல்வியிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பெண்டாட்டி பேசாவிட்டால் ஏதோ இருக்கிறது.

14, புதன்

மழை. சவாரிக்கு லேட், வீட்டிலேயே இருந்தேன். ஏழே முக்காலுக்குச் செல்வி போனை எடுத்தாள்.

"சசியண்ணா, எங்க எத்தியாச்சு? பிள்ள மழையில நிக்கண்டாம்."

போனுக்குள் லாரி ஹாரன். பிள்ளைகளின் இரைச்சல். போனைப் பிடுங்கி அணைத்தேன்.

"எல்லாரும்தான் கூப்பிடுதாவ. இல்லன்னா பிள்ள நனையும்லா," என்றாள்.

அவள் போனில் பழைய அழைப்புகளைப் பார்த்தேன். திங்கள், ஏழு நாற்பத்திரண்டு. என்னை ஓடையில் இறக்கியது என் வீட்டுப் போன்.

காட்டினேன். அழுதாள். திட்ட மனசு வரவில்லை. இனி கூப்பிடமாட்டாள்.

15, வியாழன்

பேய்மழை. மலர் குடையோடு தெருமுனையில் காத்து நின்றாள். பாதி நனைந்தாள், பரவாயில்லை. நானே கொண்டுபோய் விட்டால் காலை ரயில் சவாரி போய்விடும். சனிக்கிழமை யோசிக்க வேண்டும்.

மனசு கேட்காமல் வேனுக்குப் பின்னாலேயே போனேன். மலர் கடைசி சீட்டில். சிக்னல் தாண்டியதும் சசியின் கை காதுக்குப் போனது, தலை மெல்லத் தோள்பக்கம் சாய்ந்தது. ஹாரன் அடித்தேன், விடாமல். மலர் மட்டும் திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள்.

எங்களுக்கப்புறம் இன்னும் எட்டு வீடு.